நோட்டீஸ் குடுக்காம ஆஸ்பத்திரி வேலைய விட்டா போலீஸ் வருமா?

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதி ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களோடது. அதுல மூணு எடுத்திருக்கேன். ஊர் பேர தவிர ஆள் அடையாளம் தெரியற மாதிரி இருந்தத எல்லாம் எடுத்துட்டேன், ஆஸ்பத்திரி பேரும் போடல.

கேள்வி: அக்கா, எனக்கு நெல்லிக்குப்பம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு பாண்டில ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல ஒன்றரை வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். சம்பளம் 17,000, அதுல பேசிக் 9,000. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க, ரெண்டு வருஷ பாண்டு, நடுவுல விட்டா ஒரு லட்சம் கட்டணும், அதுக்கு மேல மூணு மாச நோட்டீஸ். நைட்டுல நாலு பேஷன்ட், அதுல ரெண்டு பேர் வென்டிலேட்டர்ல, நான் ஒருத்தி தான். இன்சார்ஜ் சிஸ்டர் அட்டெண்டருங்க முன்னாடியே "உன்னல்லாம் எவன் பாஸ் பண்ண விட்டான்"னு கத்துவாங்க, ஆஃப் அன்னைக்கு போன் போட்டு டியூட்டிக்கு வர சொல்வாங்க, வரலன்னா ஆப்சென்ட். போன மாசம் நான் பண்ணாத ஒரு மருந்து தப்ப என் பேர்ல எழுதி கையெழுத்து கேட்டாங்க, நான் போடல, அன்னைலேர்ந்து எனக்கு நைட்டு மட்டும் தான். பஸ் தவளக்குப்பம் வந்தாலே வயித்த பிசையுது அக்கா. கடலூர்லயே ஒரு ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு, 15 நாள்ல சேர சொல்றாங்க. இங்க ஹெச்ஆர்ல "மூணு மாசம் முடிக்காம போனா அப்ஸ்காண்டிங் (சொல்லாம ஓடிட்டான்னு) போடுவோம், நர்சிங் கவுன்சிலுக்கு எழுதி ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணுவோம், போலீஸ் கேஸ் வரும்"னு சொல்றாங்க. அப்பா ரொம்ப பயந்துட்டாரு. கூட இருக்கற பொண்ணுங்க வேற, நீ போயிட்டா எல்லாம் எங்க தலைல தான்னு அழுவுறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: தங்கச்சி, முதல்ல அப்பாவ உக்கார வச்சு சொல்லு, வேலைய விட்டதுக்கு போலீஸ் வராது. நோட்டீஸ் குடுக்காம போறது குற்றம் இல்ல, ஒப்பந்தத்த மீறறது, அவ்ளோதான். ஒருத்தர கட்டாயப்படுத்தி வேலை பாக்க வைக்க கோர்ட்டாலயே முடியாது, 1963ம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் அப்படித்தான் இருக்கு. அவங்க அதிகபட்சம் கேக்கக்கூடியது பணம். அப்ஸ்காண்டிங்னு ஹெச்ஆர் சொல்றது அவங்க ஆபீஸ் ஃபைல்ல எழுதிக்கற ஒரு குறிப்பு, ஸ்டேஷன்ல எழுதறது இல்ல.

ஆனா ஒண்ணு இருக்கு, அத இப்பவே சொல்லிடறேன். நோட்டீஸ் உனக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் நடுவுல இருக்கற பணக் கணக்கு. ஷிப்டு அப்படி இல்ல, அது உனக்கும் பெட்ல படுத்திருக்கறவருக்கும் நடுவுல இருக்கறது. நெறைய பேரு இத தலைகீழா புரிஞ்சிக்கறாங்க, மூணு மாச நோட்டீஸுக்கு பயந்து ஒரு வருஷம் பல்ல கடிச்சிட்டு இருப்பாங்க, அப்பறம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இன்சார்ஜ் கத்தினதும் அழுதுகிட்டே பேக தூக்கிட்டு கெளம்பிடுவாங்க. மூணு மாசம் முடிக்காம போறதுல உனக்கு கொஞ்சம் பணம் போகும், நடு ஷிப்டுல வெளிய வந்தா உன் பக்கம் இருக்கற நியாயம் எல்லாம் போயிடும். சட்டமும் இந்த எடத்துல தான் முறைக்குது, உடம்பு முடியாம தன்ன தானே பாத்துக்க முடியாதவங்கள பாத்துக்கறேன்னு ஒப்பந்தம் போட்டுட்டு வேணும்னே பாக்காம விட்டா பாரதிய நியாய சன்ஹிதா 357ம் பிரிவுல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் கூட விழலாம். பழைய ஐபிசில 491ன்னு இருந்தது இது. மொறையா ஓவர் குடுத்துட்டு, அதாவது பேஷன்ட்ட அடுத்த ஷிப்டு ஆளுகிட்ட ஒப்படைச்சிட்டு போறவள அது ஒண்ணும் பண்ணாது.

அதனால நீ எந்த நாள் கெளம்பினாலும் சரி, அன்னைக்கு ஷிப்ட முழுசா முடி, ஒவ்வொரு பெட்டா நின்னு ஓவர் குடு, எந்த இன்ஃப்யூஷன் எவ்ளோ ஓடுது, எந்த லேப் ரிசல்ட் வரணும், எந்த டோஸ் பெண்டிங்னு எல்லாத்தையும் நோட்ஸ்ல எழுதி நேரம் போடு, நார்க்காட்டிக் (போதை வகை வலி மருந்து) கவுன்ட் பாத்து ரெஜிஸ்டர்ல எடுத்துக்கறவங்க கையெழுத்த வாங்கிட்டு சாவிய குடு. ஃபென்டனில் ஆம்பியூல் ஒண்ணு குறைஞ்சதுன்னு பின்னாடி யாராவது கெளப்பினா, அந்த கையெழுத்து தான் உன்ன காப்பாத்தும். அடையாள அட்டை, லாக்கர் சாவி, யூனிஃபார்ம்னு திருப்பி குடுக்கறதுக்கெல்லாம் ஒரு தாள்ல எழுதி ரிசீவ்டுன்னு வாங்கிக்கோ.

இப்ப பணக் கணக்குக்கு வருவோம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்து நோட்டீஸ் பாராவ நிதானமா படி. முக்கால்வாசி ஆர்டர்ல "மூணு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கு ஈடான சம்பளம்"னு இருக்கும், அந்த அல்லது இருந்தா நீ பணத்த கட்டிட்டு போகலாம்னு அவங்களே எழுதி குடுத்த மாதிரி. சில ஆர்டர்ல மேனேஜ்மென்ட் விருப்பப்பட்டா மட்டும்னு ஒரு வாலு ஒட்டியிருப்பாங்க, அப்படின்னா பேசித்தான் வாங்கணும். பேசிக்கா இல்ல முழு சம்பளமான்னும் பாரு. நீ 15 நாள் குடுத்தா குறையறது 75 நாள், அதாவது ரெண்டரை மாசம். பேசிக்ல கணக்கு போட்டா 22,500, முழு சம்பளத்துல போட்டா 42,500. எவ்ளோ வித்தியாசம் பாரு. எடுக்காத லீவு 12 நாள் இருந்து அத கழிச்சுக்க ஒத்துக்கிட்டாங்கன்னா பேசிக் கணக்கு 18,900க்கு வந்துடும். இன்னொரு கூத்து என்னன்னா, சில எடத்துல நோட்டீஸ் பணத்துக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு ஒரு வரி சேத்து பில்லு நீட்டறாங்க. நோட்டீஸ் பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு மத்திய அரசு 2022 ஆகஸ்ட்லயே சர்க்குலர் விட்டாச்சு, கேட்டா சிரிச்சிட்டே அடுத்த வரிக்கு போ.

பாண்டு ஒரு லட்சம். பாண்டே செல்லாது கிழிச்சி போடுன்னு வாட்ஸ்அப்ல வக்கீல் மாதிரி பேசறவங்கள நம்பாத. ஒரு அரசு பேங்க் அதிகாரி மூணு வருஷம் முடிக்காம விட்டதுக்கு பாண்டு பணம் ரெண்டு லட்சம் கட்டினது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் சொல்லிருக்கு. அதுக்காக எழுதி வச்ச தொகை அப்படியே அவங்களுக்கு வந்துடும்னும் இல்ல, 1872ம் வருஷத்து ஒப்பந்த சட்டம் 74ம் பிரிவு படி நியாயமான நஷ்டஈடு தான், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு மட்டும். உனக்கு என்ன ட்ரெய்னிங் குடுத்தாங்க, எங்க அனுப்பினாங்க, எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு கேளு. சேந்த மூணாவது நாளே தனியா நைட்டு போட்டுட்டு ட்ரெய்னிங் செலவு ஒரு லட்சம்னு சொன்னா எந்த கோர்ட்லயும் நிக்கறது கஷ்டம். நீ ரெண்டு வருஷத்துல ஒன்றரை வருஷம் முடிச்சிட்ட, மீதி கால் பங்கு, அதனால அதிகம் போனா 25,000ன்னு பேச்ச ஆரம்பி. நோட்டீஸ் பணமும் பாண்டு பணமும் ரெண்டையும் சேத்து கேட்டா, ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை எதுக்குன்னு கேளு, இது நல்லா வேலை செய்யுது.

சர்டிபிகேட் விஷயத்துல எனக்கு பொறுமையே கிடையாது. வெரிஃபிகேஷன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பி குடுக்க வேண்டியது அது. படிப்பு சர்டிபிகேட் விக்கற வாங்கற சரக்கு இல்ல, பணத்துக்கு ஈடா பிடிச்சு வைக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் ஒண்ணுக்கு மேல தடவை சொல்லியாச்சு, காலேஜுங்க பிடிச்சு வச்ச கேஸுல வந்தது தான், ஆனா காரணம் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், பாண்டிக்கும் அதே உயர் நீதிமன்றம் தான். நீ பண்ண வேண்டியது, ராஜினாமா லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே சர்டிபிகேட்ட வெளிய எடுக்க முடியுதான்னு பாரு. எம்.எஸ்சி. அப்ளிகேஷன், எம்ஆர்பி கவர்மென்ட் வேலை, பாஸ்போர்ட்டுன்னு உண்மையிலயே ஒரு தேவை இருந்தா அதுக்கு எழுதி கேளு, பொய் சொல்ல வேணாம். குடுக்கலன்னா எந்தெந்த சர்டிபிகேட், எந்த தேதில குடுத்தேன், ஏழு நாள்ல திருப்பி குடுங்கன்னு மெயில் ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட் ஒண்ணு அனுப்பு (ரெஜிஸ்டர் தபால்னு தனியா இப்ப இல்ல, 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப் கேட்டு அனுப்பு). அதுக்கும் அசையலன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போ. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே வக்கீல் இலவசம், 1987ம் வருஷத்து சட்டம், 15100க்கு போன் பண்ணா வழி சொல்லுவாங்க. வக்கீல் லெட்டர்பேட்ல ஒரு நோட்டீஸ் போனாலே பாதி ஆஸ்பத்திரில பீரோ தானா தொறந்துக்கும்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு தனி சிக்கல் இருக்கு. எல்லைல இருக்கற முள்ளோடைய தாண்டினா வேற அரசாங்கம். நீ நெல்லிக்குப்பத்துல இருக்கேன்னு கடலூர் தொழிலாளர் துறைல மனு குடுத்தா, ஆஸ்பத்திரி பாண்டில இருக்கும்மான்னு திருப்பி அனுப்பிடுவாங்க, உன் பஸ் காசு தான் வேஸ்ட்டு. சம்பளம், சர்டிபிகேட் சம்பந்தமா எல்லாமே புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு தான் போகணும்.

ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல் பண்ணிடுவோம்ங்கறது இருக்கறதுலயே பெரிய பூச்சாண்டி. கவுன்சில் பாக்கறது தொழில் சம்பந்தமான தப்பு, பேஷன்ட்டுக்கு கெடுதல், போலி சர்டிபிகேட், ரெக்கார்ட திருத்தறது இதெல்லாம். நோட்டீஸ் தகராற அவங்ககிட்ட எடுத்துட்டு போய் ஒரு புண்ணியமும் இல்ல. ஆனா நீ எழுதின இன்னொரு விஷயம் இருக்கே, பண்ணாத மருந்து தப்புக்கு கையெழுத்து, அது தான் உன் ரிஜிஸ்ட்ரேஷன நிஜமாவே தொடக்கூடிய விஷயம், நீ போடாதது ரொம்ப நல்லது. இப்பவே உக்காந்து அன்னைக்கு யாரு டியூட்டி, எந்த பெட், யாரு என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னன்னு எழுதி உன் சொந்த மெயில்லேர்ந்து நர்சிங் சூப்பரண்டுக்கு அனுப்பி வை. பேஷன்ட் பேரு, கேஸ் ஷீட் போட்டோ எதுவும் அதுல போடாத. கேஸ் ஷீட்ட போன்ல போட்டோ எடுத்து வெளிய கொண்டு போனா, ஒண்ணும் இல்லாத எடத்துல நீயே அவங்களுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதி குடுத்த மாதிரி ஆயிடும்.

ராஜினாமா லெட்டர்ல இந்த கதை ஒண்ணும் வேணாம். நாலு வரி போதும், சொந்த காரணத்தால ராஜினாமா பண்றேன், கடைசி வேலை நாள் இந்த தேதி, குறையற நோட்டீஸ் நாளுக்கு மீதி லீவ கழிச்சிட்டு ஆர்டர் படி வர்ற தொகைய கணக்கு போட்டு சொல்லுங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் குடுங்க. அவ்ளோதான். இன்சார்ஜ் சிஸ்டர் எப்படி கத்துனாங்கங்கறத தனி லெட்டரா, தேதியோட எழுது, ரெண்டையும் கலந்தா கோவத்துல வெளிய போனவன்னு சுலபமா ஒதுக்கிடுவாங்க. கைல குடுத்தா வாங்க மாட்டேன்னு சொல்லுவாங்க, அதனால மெயில் போயே ஆகணும். ஏத்துக்கலன்னு பதில் வந்தா, சரி, ஏத்துக்க முடியாத காரணத்த எழுத்துல குடுங்கன்னு ஒரே வரில பதில் போடு, நீ சொன்ன கடைசி நாள மாத்தாத.

புது ஆஸ்பத்திரிகிட்டயும் பேசி பாரு, 15 நாள 30 ஆக்க முடியுமான்னு கேளு. நர்ஸ் கெடைக்காம அல்லாடற நேரம் இது, பெரும்பாலும் ஒத்துப்பாங்க. 30 நாள் குடுத்துட்டு போனா பணமும் குறையும், ரிலீவிங் லெட்டரும் சண்டை இல்லாம வரும். அங்க சேரும்போது ஒரிஜினல காமிச்சிட்டு கையோட வாங்கிட்டு வா, குடுத்துட்டு வந்துடாத, இதுக்கு மேல நான் என்ன சொல்றது.

கடைசி சம்பளத்துக்கு 2025 நவம்பர் 21லேர்ந்து அமல்ல இருக்கற ஊதிய சட்டத் தொகுப்புல, ராஜினாமா பண்ணாலும் ரெண்டு வேலை நாள்ல பாக்கிய குடுத்துடணும்னு இருக்கு. முன்னாடி இந்த ரெண்டு நாள் கணக்கு அவங்க வெளிய அனுப்பினா மட்டும் தான். எந்த காரணம் சொல்லி பிடிச்சாலும் ஒரு சம்பள காலத்துல பிடித்தம் பாதிக்கு மேல போகக்கூடாது, அதனால நோட்டீஸ் பணத்துல கழிச்சிட்டோம்னு கடைசி மாச சம்பளத்த முழுசா முழுங்கினா கேக்கறதுக்கு எடம் இருக்கு. பிஎஃப்ல அவங்க எக்ஸிட் தேதி போடாம இழுத்தடிச்சா, கடைசி சந்தா போன மாசத்துக்கு அப்பறம் ரெண்டு மாசம் பொறுத்து யூஏஎன் போர்ட்டல்ல நீயே போட்டுக்கலாம்.

கல்ஃப் பக்கம் போற எண்ணம் இருந்தா மட்டும் இன்னும் கொஞ்சம் நிதானம். அங்க டேட்டாஃப்ளோங்கற கம்பெனி பண்ற வெரிஃபிகேஷன்ல நேரா பழைய ஆஸ்பத்திரிக்கே எழுதி கேப்பாங்க, இவங்க அப்ஸ்காண்டிங்னு பதில் போட்டா மாசக்கணக்குல இழுக்கும். அப்படி இருந்தா 10,000, 15,000 கூட போனாலும் பரவால்லன்னு ரிலீவிங் லெட்டர் வாங்கிட்டு போறது தான் புத்திசாலித்தனம். கடலூர்லயே இருக்க போறன்னா பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் பாஸ்புக், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மூணும் சேந்தா எக்ஸ்பீரியன்ஸுக்கு பேசும்.

வயித்த பிசையுதுன்னு எழுதிருக்கியே, அத லேசா எடுத்துக்காத. 21,000க்கு கீழ சம்பளம், அதனால உனக்கு இஎஸ்ஐ இருக்கணும், கோரிமேடு இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு போய் பாரு. டாக்டர் உண்மையிலயே ரெஸ்ட் வேணும்னு சர்டிபிகேட் குடுத்தா சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் இஎஸ்ஐல வரும். ராத்திரில மனசு ரொம்ப படுத்தினா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க.

அந்த பொண்ணுங்க அழறது நியாயம் தான், ஆனா அவங்க தலைல விழறது உன்னால இல்ல. ஐசியூல ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்கு, அங்க நாலுக்கு ஒண்ணு. ஆளு எடுக்காம மிச்சம் பிடிச்ச சம்பளம் மேனேஜ்மென்ட் பாக்கெட்ல இருக்கு, குற்ற உணர்ச்சி மட்டும் உங்க கிட்ட இருக்கு. தனியார் ஆஸ்பத்திரி நர்சுங்க நிலைமைய பாருங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரில சொல்லி, கமிட்டி போட்டு, 200 பெட்டுக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்கு சமமான சம்பளம், 50 பெட்டுக்கு கீழ இருந்தாலும் 20,000க்கு குறையக்கூடாதுன்னு கமிட்டியும் சிபாரிசு பண்ணுச்சு. நீ 17,000 வாங்கற. சிபாரிசு தானே, சட்டம் இல்லையே, அது தான் விஷயம். அந்த பொண்ணுங்ககிட்ட சொல்லு, அழறத விட்டுட்டு எல்லாரும் சேந்து ஒரே தாள்ல பேஷன்ட் கணக்க தேதி வாரியா எழுதி கையெழுத்து போட்டு குடுங்கன்னு.

கேள்வி: அக்கா, நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம், டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) முடிச்சிட்டு ஒரு லேப்ல இருந்தேன். ரெண்டு மாச சம்பளம் பாக்கி. ஓனர் எல்லார் முன்னாடியும் கெட்ட வார்த்தைல திட்டினதும் அன்னைக்கே சாவிய டேபிள்ல வச்சிட்டு வந்துட்டேன். சேரும்போது கையெழுத்து போட்ட பிளாங்க் செக் ரெண்டு வாங்கி வச்சிருக்காரு, இப்ப அத பேங்க்ல போட்டு உள்ள தள்ளுவேன்னு ஆள் விட்டு மிரட்டறாரு. ஸ்டாப் பேமென்ட் குடுத்துட்டா போதுமா?

பதில்: போதாது தம்பி. ஸ்டாப் பேமென்ட் குடுத்து செக் திரும்பினாலும் 138ம் பிரிவுல செக் பவுன்ஸ் கேஸ் போட வழி இருக்கு. செக்யூரிட்டிக்கு குடுத்த செக்குன்னா கேஸே வராதுங்கறதும் தப்பு, செக்க போடற நாள்ல நீ அவருக்கு நிஜமா பணம் தரவேண்டி இருந்துச்சாங்கறது தான் கேள்வி. உன் கேஸ்ல அவரு தான் உனக்கு தரணும். அதனால உடனே எழுத்துல போடு, இந்த நம்பர் செக் ரெண்டும் வேலைல சேரும்போது தொகையும் தேதியும் எழுதாம குடுத்தது, எனக்கு உங்களுக்கு தரவேண்டிய கடன் எதுவும் இல்ல, எனக்கு ரெண்டு மாச சம்பளம் பாக்கி, செக்க திருப்பி குடுங்கன்னு. செக் நம்பர் தெரியலன்னா பாஸ்புக், செக் புக் அடிக்கட்டைய பாரு. அதுக்கு அப்பறம் பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் குடு, காரணத்துலயும் இதையே எழுது.

அவரு செக்க போட்டு திரும்பினா 30 நாள்ல உனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பணும், அது கைக்கு வந்த நாள்லேர்ந்து உனக்கு 15 நாள். இங்க தான் பசங்க கோட்ட விடறாங்க, போஸ்ட்மேன் வந்தா வீட்ல இல்லன்னு சொல்லி திருப்பி அனுப்பிடறாங்க. அப்படி பண்ணாத, வாங்கு, 15 நாளுக்குள்ள பதில் அனுப்பு. நீ முன்னாடியே எழுதின அந்த லெட்டர் தேதி அப்ப தான் உபயோகப்படும்.

சம்பள பாக்கிக்கு கடலூர் தொழிலாளர் துறைல மனு, கூடவே திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒரு காப்பி, ரசீத பத்திரமா வை. சட்ட உதவி உனக்கும் கெடைக்கும், ஆம்பளைங்களுக்கு பொதுவா வருமான வரம்பு மட்டும் உண்டு.

இன்னொண்ணு நீ கேக்கல, நானே சொல்றேன். அந்த லேப்ல ரிப்போர்ட்டுல உன் பேரும் கையெழுத்தும் சிஸ்டத்துல ஏத்தி வச்சிருப்பாங்களே, நீ வந்ததுக்கு அப்பறமும் அது பாட்டுக்கு போயிட்டு இருக்கும். இந்த தேதிக்கு மேல என் பேர்ல எந்த ரிப்போர்ட்டும் போகக்கூடாது, போனா நான் பொறுப்பில்லன்னு அதே லெட்டர்ல ஒரு வரி சேத்துடு. சாவிய டேபிள்ல வச்சிட்டு வந்தேன்னு சொல்றியே, யாராவது பாத்திருந்தா அவங்க பேரையும் நேரத்தையும் எழுதி வை. அன்னைக்கு நீ பாதில விட்டுட்டு வந்த சாம்பிள் ஏதாவது இருந்துச்சுன்னா அதையும் மறைக்காம எழுது, அத அவரு சொல்றதுக்கு முன்னாடி நீ சொன்னா நல்லது.

கேள்வி: மேடம், எனக்கு 46 வயசு, பண்ருட்டி பக்கம். ஏஜென்சி மூலமா பாண்டில ஒரு வீட்ல படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ பாத்துக்கறேன், ராத்திரி பகல் ரெண்டும் நான் தான். மாசம் ரெண்டு நாள் லீவுன்னு சொல்லி கூட்டியாந்தாங்க, மூணு மாசமா வுடல. அந்த அம்மாவோட பையன் வெளிநாட்ல. சொந்தக்காரர் ஒருத்தர் சாயந்தரமானா குடிச்சிட்டு வந்து தப்பு தப்பா பேசறாரு, கைய புடிக்கறாரு. ஏஜென்சில சொன்னா ஆளு இல்ல, இன்னும் ஒரு மாசம் அனுசரிச்சு இருங்கறாங்க. ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறிடலாமான்னு இருக்கு, அந்த அம்மாவ நெனச்சா பாவமாவும் இருக்கு.

பதில்: அம்மா, நீங்க ஒரு மாசம்லாம் இருக்க வேணாம். கைய புடிச்சதுக்கு அப்பறம் நோட்டீஸ் பேச்சே கெடையாது. அந்த ஆளு வந்து நிக்கற நேரத்துல பயமா இருந்தா 112க்கு அடிங்க, யோசிக்காதீங்க, 181 பொண்ணுங்களுக்கான லைன். 2013ம் வருஷத்து பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டத்துல வீட்ல வேலை செய்யறவங்களுக்கும் இடம் உண்டு, மாவட்டத்துல அதுக்குன்னு ஒரு உள்ளூர் கமிட்டி இருக்கு, நடந்த நாள்லேர்ந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும்.

கெளம்பறது எப்படின்னா, பகல்ல கெளம்புங்க. பையனுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுங்க, எழுத வராட்டி என்ன, குரல் போதும். நடந்தத சொல்லுங்க, நாளைக்கு இத்தன மணிக்கு நான் போறேன், அதுக்குள்ள அம்மாவ பாத்துக்க ஆள் ஏற்பாடு பண்ணுங்கன்னு நேரத்தோட சொல்லுங்க. அதையே ஏஜென்சிக்கும் அனுப்புங்க. பக்கத்து வீட்லயும் ஒரு வார்த்தை. பையன் பதிலே போடலன்னா 14567க்கு போன் பண்ணுங்க, வயசானவங்களுக்கான அரசு ஹெல்ப்லைன் அது, படுக்கைல இருக்கறவங்க தனியா இருக்காங்கன்னு சொல்லுங்க. யாராவது ஒருத்தர் வந்து அந்த அம்மா பக்கத்துல நின்னதுக்கு அப்பறம் வாசல தாண்டுங்க, முந்தின கேள்வில அந்த நர்ஸ் பொண்ணுக்கு சொன்ன 357 உங்களுக்கும் பொருந்தும், ஏஜென்சிக்காரன் அத வச்சி தான் மிரட்டுவான். நீங்க ஆள ஒப்படைச்சிட்டு, போற நேரத்தையும் வந்தவங்க பேரையும் இன்னொரு வாய்ஸ் மெசேஜா பையனுக்கு போட்டுட்டா அந்த மிரட்டல் நிக்காது.

எந்த மாத்திரை எப்ப, கடைசியா எப்ப திருப்பி படுக்க வச்சது, முதுகுல புண்ணு இருந்தா எங்க இருக்குன்னு வர்றவங்களுக்கு வாயால சொல்லி காட்டிட்டு போங்க. சேரும்போது ஏஜென்சி டெபாசிட்டுன்னு ஏதாவது பிடிச்சிருக்காங்களா, ஆதார் அட்டை அவங்ககிட்ட இருக்கான்னு நீங்க எழுதல. இருந்தா தனியா எழுதுங்க, ஊருக்கு வந்து சேந்தப்பறம்.